எல்ஸி டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

எல்ஸி பள்ளிக்கூட வேலையை விட்டதற்கு ஒரு மணிலா அட்டைதான் காரணம்.

ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் அவள் ஆங்கில ஆசிரியை. நான்காம் படிவத்துக்கு ஏவல் வாக்கியம் நடத்த வேண்டிய நாள் அது. புத்தகத்தில் இருந்த 'கதவை மூடு', 'குப்பை போடாதே' எல்லாம் அவளுக்கே சலித்துப் போயிருந்தன. அந்த வாரம் முழுக்க எல்லார் கைப்பேசியிலும் குண்டு விழுந்த தெருக்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. இடைவேளையில் பிள்ளைகளும் அதைத்தான் பேசினார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "போரை நிப்பாட்டச் சொல்லி ஊர்வலம் போறீங்கன்னு வெச்சுக்குங்க. அட்டையில என்ன எழுதுவீங்க? இங்கிலிஷ்ல எழுதுங்க" என்றாள். வருஷம் முழுக்க வாய் திறக்காத பிள்ளைகள் எல்லாம் அன்றைக்கு அகராதியைப் பிடுங்கிக்கொண்டு எழுதினார்கள். "என் பள்ளிக்கூடம் இன்னும் நிற்கிறது, உன்னுடையது?" என்று ஒருவன் பிழையில்லாமல் எழுதியிருந்தான். எல்ஸி அந்த அட்டையைச் சுவரில் ஒட்டினாள்.

யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். பள்ளியில் அரசியல் பண்ணுகிறாள் என்று புகார் போனது. தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. தேநீர் வரவழைத்து, "பாடத்த மட்டும் பாருங்களேன் எல்ஸி" என்றுதான் சொன்னார். அடுத்த தவணையில் அவளுக்கு வகுப்புகள் குறைந்தன. தேர்வுத்தாள் அறையும் நூலகச் சாவியும் கைக்கு வந்தன. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் கேட்க ஆளில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அப்பா மத்தியாஸ் இறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது.

அவள் குடியிருந்தது லிண்டன் தாமான் குடியிருப்பில். அவள் பிறந்தபோது அது லிண்டன் ரப்பர் தோட்டம். மத்தியாஸ் அங்கே பால் மரம் வெட்டியவர். பிறகு மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனையிலும் பாதியை விற்று வீடு கட்டினார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு ஓரத்தில் மலிவு விலை வீடுகள் கிடைத்தன. பழைய தோட்டத்தில் மிஞ்சியது மாரியம்மன் கோயிலும் அந்தோணியார் சிற்றாலயமும்தான். ஆட்கள் எல்லாரும் பஸ் ஏறி, கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு, அவர்கள் பேச்சில் கிலாங்குக்கு, வேலைக்குப் போனார்கள். நோய்த்தொற்றுக் காலத்தில் அங்கே இரவு பகல் இல்லாமல் ஓவர்டைம். உலகமே அவர்கள் செய்த கையுறையை மாட்டிக்கொண்டிருந்தது. நோய் தணிந்ததும் ஆர்டர் நின்றது. ஒரு காலையில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசித்தார்கள். அதோடு முடிந்தது.

வேலை போனவர்களுக்கு நேர்காணலுக்குத் தேவையான ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று தேவாலயப் பங்கில் கேட்டார்கள். எல்ஸி சரியென்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிற்றாலயத்தின் பின்கூடத்தில் வகுப்பு. கோயில் பக்கத்து ஆட்களும் வந்தார்கள்.

முதல் வகுப்புக்கு அவள் ஒரு கையுறைப் பெட்டியைக் கொண்டுபோனாள். 'மலேசியாவில் தயாரிக்கப்பட்டது' என்று அதில் இருந்ததை வாசிக்கச் சொன்னாள்.

"யாரால தயாரிக்கப்பட்டது? எழுதியிருக்கா?"

"இல்ல டீச்சர்."

"யாரு தயாரிச்சது?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "நாங்கதான்லா!"

"அப்ப அதையும் சேர்த்து எழுதுங்க." அன்றைக்குச் செயப்பாட்டு வினை நடந்தது. ஆட்கள் நிறுத்தப்பட்டார்கள், யாரால்? மருத்துவமனை தாக்கப்பட்டது, யாரால்? செய்தித்தாளில் வந்த வாக்கியங்களை வெட்டிவந்து, ஒவ்வொன்றிலும் செய்தவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தேடச் சொன்னாள். கனகராஜ்தான் முதலில் கண்டுபிடித்துக் கையைத் தூக்குவான்.

கனகராஜுக்கு முப்பத்தாறு வயது. கிலாங்கில் உற்பத்தி லைனைக் கவனித்தவன். அவன் மனைவி விமலா ஈப்போவில் ஒரு பிஸ்கட் கடையில் டப்பா அடைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்தே வகுப்புக்கு வருவார்கள். விமலா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கனகராஜ் எழுந்து நின்று பேசுவான். தப்பாகப் பேசுவதற்கு அவனுக்கு வெட்கமே கிடையாது. செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை செய்த சுரேன் இதற்கு நேர் எதிர். பழைய தோட்டத்தில் பால் மரம் வெட்டிய மாரியம்மாவின் ஒரே மகன். அம்மா துரத்தி விட்டதால் வந்தவன்.

போரைப் பற்றிய பாடம் வந்தபோது சுரேன் கேட்டுவிட்டான். "டீச்சர், அங்க அடிச்சிக்கிட்டா நமக்கு என்னலா? எனக்கு லைசன் எடுக்கற இங்கிலிஷ் போதும்."

எல்ஸி கனகராஜைப் பார்த்தாள். அவன் எழுந்து, தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தான். அங்கே போர் என்றால் எண்ணெய் விலை ஏறும், இங்கே என் மோட்டாருக்குப் பெட்ரோல், அரிசி, எல்லாம்… பாதியில் நிறுத்திவிட்டான். தலையை ஆட்டினான். "நோ. ஈவன் இஃப் ஆயில் சீப், ஸ்டில் ராங்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கு எல்ஸி வீட்டுக்கு நடந்துபோகும்போது அழுதாள். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷமும் எதற்காகத் தொண்டை கிழியக் கத்தினாளோ, அது இந்தக் கூடத்தில் இலக்கணம் இல்லாத ஒரு வாக்கியமாக வந்து விழுந்திருந்தது.

பிறகு அவள் துணிந்து கடினமான பயிற்சிகள் கொடுத்தாள். போர்நிறுத்தம், முற்றுகை, அகதி, நிவாரணம் என்று சொற்கள் ஏறின. முற்றுகையில் சிக்கிய மருத்துவமனையில் ஒரு டாக்டர் இருக்கிறார், அவர் வீட்டுக்கு என்ன எழுதுவார் என்று எழுதச் சொன்னாள். கனகராஜின் டாக்டர் குண்டைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மகளுக்கு விழுந்த பல்லைக் கூரைமேல் போட்டாயா என்று கேட்டிருந்தார். அதை எல்ஸி கூடத்தில் உரக்க வாசித்தாள். விமலா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு கனகராஜ் வேலை தேடினான். கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வயது அதிகம் என்றார்கள். ஈப்போவில் இரண்டு ஹோட்டல்களில் மாண்டரின் தெரியுமா என்று கேட்டார்கள். மாதங்கள் ஓடின. பிறகு, தாய்லாந்தில் வாடிக்கையாளர் சேவை, ஆங்கிலம் மட்டும் போதும், சாப்பாடும் தங்குமிடமும் உண்டு என்று டெலிகிராமில் ஒரு விளம்பரம் வந்தது.

நேர்காணல் வீடியோவில். எல்ஸி அவனை ஒரு வாரம் தயார்படுத்தினாள். எதிர்ப்பக்கம் அவளே உட்கார்ந்து கேள்வி கேட்டாள். தன்னைப் பற்றிச் சொல்லும் இடத்தில் குரலை எங்கே இறக்க வேண்டும், கோபமாகப் பேசும் ஆளை எப்படி அமைதிப்படுத்த வேண்டும், எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். நேர்காணல் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. அப்போதே வேலை உறுதி என்றார்கள்.

விமலாதான் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல் கேட்டாள். "இவ்ளோ சுளுவாவா வேல குடுப்பாங்க டீச்சர்?"

"ஏன் குடுக்க மாட்டாங்க? இவருக்குத்தான் இப்ப பேச வருதே!" என்றாள் எல்ஸி. சொல்லும்போது அவளுக்குள் ஒரு பெருமை பொங்கியது.

அமான்ஜெயா பஸ் நிலையத்தில் அவனை ஏற்றிவிட வகுப்பே போயிருந்தது. எல்லை தாண்டி ஹாட்யாய் போய்ச் சேர்ந்ததும் ஒரு படம் அனுப்பினான். அதன்பிறகு ஒன்றுமில்லை. விமலா நாள் முழுக்கக் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். மூன்றாவது வாரம் ஒரு காலை நேரத்தில் குரல் வந்தது. தாய்லாந்தில் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பர்மாவில் இருப்பதாகச் சொன்னான். சுற்றிலும் சுவர், வாசலில் துப்பாக்கிக்காரன். ஆட்களை ஏமாற்றும் வேலை. வெளிநாட்டில் தனியாக இருக்கும் பெண்களிடம் பொய்ப் பெயரில் பேசிப் பழகிப் பணம் பிடுங்க வேண்டும். சிக்காவிட்டால் அடி, அதற்கும் மேலே போனால் கரண்ட்.

"என்ன அடிக்கல" என்றான். "இங்கிலிஷ் இருக்கறதால என்ன அடிக்கல."

எல்ஸியும் விமலாவும் பாலாய்க்கு, போலீஸ் நிலையத்துக்கு, போனார்கள். இளம் போலீஸ்காரர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். புகாரைப் பொறுமையாகத் தட்டெழுதினார். கடைசியில் மட்டும் மலாயில் ஒரு கேள்வி கேட்டார். எல்லை வரைக்கும் அவராகவே விரும்பித்தானே போயிருக்கிறார்? விமலா எல்ஸியைப் பார்த்தாள். எல்ஸி ஆமாம் என்றாள்.

அதன்பிறகுதான் எல்ஸியின் கைப்பேசிக்கே கனகராஜிடமிருந்து செய்தி வர ஆரம்பித்தது. அங்கே வேலை முடியும் நேரம் இங்கே காலை பசியாறும் நேரம். 'டீச்சர், இதைக் கொஞ்சம் திருத்தித் தாங்க' என்று ஒரு பத்தி வந்தது. எல்ஸி கோப்பியை வைத்துவிட்டு வாசித்தாள். போர்முனை மருத்துவமனையில் இருக்கும் ஒரு டாக்டர், எங்கோ அமெரிக்காவில் இருக்கும் ஒரு விதவைக்கு எழுதுகிறார். மருந்து தீர்ந்துவிட்டது. மகளுக்குப் பல் விழுந்திருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லை.

அவள் சொல்லிக் கொடுத்த சொற்கள் அத்தனையும் அதில் இருந்தன. முற்றுகை, நிவாரணம், போர்நிறுத்தம்.

இன்னொரு முறை வாசித்தாள். பிறகு, திருத்தாவிட்டால் என்ன நடக்கும் என்று நினைத்தாள். இரண்டு இடத்தில் காலம் தப்பாக இருந்தது. அவற்றைச் சரிசெய்தாள். ஓர் இடைவெளியில் ஒரு சொல் சேர்த்தாள். அனுப்பிவிட்டு, ஆறிப்போன கோப்பியைப் பின்கட்டில் கொட்டினாள்.

மறுநாளும் வந்தது. மறுவாரமும் வந்தது. ஒருநாள் திருத்தம் கேட்காமல் சும்மா எழுதியிருந்தான். 'அந்தம்மா எனக்காகத் தேவாலயத்துல மெழுகுத்திரி ஏத்துதாம் டீச்சர். பத்திரமா இருங்கன்னு சொல்லுது. நெஜமாவே அழுவுது.' எல்ஸி பதில் எழுத ஆரம்பித்து அழித்தாள். மறுபடி எழுதி அழித்தாள். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுத் தானே அவளுக்கு எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தாள். எழுதினால் கனகராஜ் உயிரோடு இருப்பானா? கேட்கவில்லை.

புனிதவெள்ளிக்கு முந்தின வாரம், பிள்ளைகளை இப்படிப் பறிகொடுத்த இன்னும் சில குடும்பத்தினர் தாப்பாவிலிருந்தும் ஆயர் தாவாரிலிருந்தும் ஈப்போ வந்து, ரயில் நிலையத்துக்கு எதிரே நின்றார்கள். எல்ஸி அட்டைகள் எழுதிக் கொண்டுபோனாள். விமலா ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். 'எங்கள் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. காரில் போன ஒருவர் கண்ணாடியை இறக்கிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வேறெங்கோ நடக்கும் யுத்தத்துக்காக நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கல்லூரி மாணவி ஒருத்தி படம் எடுத்துவிட்டு, "எந்த நாட்டுக்கு அக்கா?" என்று கேட்டாள்.

"இந்த நாட்டுக்குத்தான்மா" என்றாள் விமலா.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. மழை வந்ததும் எல்லாரும் கலைந்தார்கள்.

ஆறேழு மாதம் போனபிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒரு மத்தியானத்தில் கனகராஜ் தாமானுக்குள் நடந்து வந்தான். டாக்சிக்காரர் முச்சந்தியிலேயே இறக்கிவிட்டிருந்தார். ஆள் பாதியாக இருந்தான். விமலா செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் அவனைப் பிடித்துக்கொண்டாள். கோயிலில் மணி அடித்தார்கள். எல்ஸி அந்தோணியாருக்கு மாலை வாங்கிப் போட்டாள். அவனைப் பார்க்கப் போனபோது அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"விட்டுட்டாங்க டீச்சர்" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டு அவள் திரும்பிவிட்டாள்.

சுரேன் அதற்கு முன்பே வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தான். சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது என்று மாரியம்மா எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். தாமானில் பாதிப் பையன்கள் சிங்கப்பூரில்தான் இருந்தார்கள். யாரும் துருவிக் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்ஸி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாரியம்மா உள்ளே வந்தாள். கைப்பேசியை நீட்டினாள். "இத எனக்கு மறுபடி போடத் தெரியல டீச்சர். நீங்க போட்டுக் கேளுங்க."

சுரேனின் குரல். மூச்சு வாங்கியது. "அம்மா, நான் சிங்கப்பூர்ல இல்ல. கனகண்ணே இருந்த எடத்துலதான் இருக்கேன். கனகண்ணேகிட்ட கேளு. அவருதான் வரச் சொன்னாரு."

எல்ஸி நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். கனகராஜ் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும், எதற்கு வருகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"சுரேன நீங்கதான் கூப்பிட்டீங்களா?"

"ஒரு ஆள் குடுத்தா ஒரு ஆள விடுவோம்னாங்க."

"அவன் எதுக்கு கனகு? அவனுக்கு 'குட் மார்னிங்' சொல்லவே வராதே!"

"இப்ப எடம் மாத்திட்டாங்க, சம்பளம் ஒழுங்கா வருதுன்னேன். அவன்தான் நம்புனான்." கனகராஜ் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "சிங்கப்பூருன்னு சொல்லிட்டு வா, அம்மா பயப்படும்னேன். வேற ரெண்டு பேரு நம்பல. அவன் கடைசியா ஒண்ணு கேட்டான். டீச்சருக்குத் தெரியுமான்னான். தெரியும், டீச்சர்தான் எனக்கு தெனமும் அங்க ஒதவி பண்றாங்கன்னு சொன்னேன். பொய் இல்லல்ல?"

எல்ஸிக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவன் கழுத்தில் காது ஓரமாக இருந்த தழும்பைப் பார்த்தாள். இங்கிலிஷ் இருப்பதால் அடிக்கவில்லை என்று சொன்னதும் பொய்தான். விமலா உள்ளேயிருந்து வந்து கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் இப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் புருஷன் தோளில் கையை வைத்துக்கொண்டாள்.

"போதும் டீச்சர். நீங்க போங்க" என்றாள்.

அடுத்த வாரத்துக்குள் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆயர் தாவாரில் விமலாவின் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாரியம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். யாரும் தடுக்கவில்லை. பங்கில் விஷயம் தெரிந்ததும் வகுப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். சொல்லியிருக்கவே வேண்டாம். வர ஆள் இல்லை.

சுரேனுக்கு அங்கே ஒன்றும் ஓடவில்லை. பேசிப் பழகத் தெரியாதவனை அங்கே எதற்கு வைத்திருப்பார்கள்? அவனை அடித்து, அந்த வீடியோவைத் தாய்க்கு அனுப்பினார்கள். மாரியம்மா அதை எல்ஸியிடம் காட்டவில்லை. எல்ஸியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்குப் போன்லயே சொல்லிக் குடுங்க டீச்சர். கனகுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி. இங்கிலிஷ் வந்தா அடிக்க மாட்டாங்களாம்."

எல்ஸி தன் வாழ்க்கையில் நடத்திய மிக மோசமான பாடம் அதுதான். காலையில் கைப்பேசி சிணுங்கும். கிடைக்கும் ஐந்து, பத்து நிமிஷத்தில் அவள் ஒரு வாக்கியம் சொல்வாள்; அவன் கிசுகிசுத்துத் திருப்பிச் சொல்வான். உலகம் எப்படி ஓடுகிறது, செய்தி வாக்கியத்தில் செய்தவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதெல்லாம் அதில் கிடையாது. நான் தனியாக இருக்கிறேன். உங்கள் குரல் இனிமையாக இருக்கிறது. என்னை நம்புங்கள். இவ்வளவுதான் பாடம். ஒருவனை அடியிலிருந்து காப்பாற்ற, இன்னொருத்தியின் கழுத்தில் சுருக்குப் போடச் சொல்லிக் கொடுத்தாள். தெரிந்தே கொடுத்தாள்.

"ஏற மாட்டேங்குது டீச்சர்" என்பான் சுரேன். "லோரி வேலையிலயே இருந்திருக்கலாம்லா."

"மறுபடி சொல்லு சுரேன். இன்னொரு தடவ."

பிறகு அந்தப் பக்கம் சண்டை மூண்டது. ராணுவம் புகுந்தது என்றும், கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள் என்றும் செய்தியில் காட்டினார்கள். ஆற்றைக் கடந்து ஓடி வந்த கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் எல்ஸியும் மாரியம்மாவும் திரைக்கு நெருக்கமாகப் போய் ஒவ்வொரு முகமாகத் தேடினார்கள். மலேசியர்கள் சிலர் விமானத்தில் வந்து இறங்கினார்கள். அதில் சுரேன் இல்லை. எல்ஸி வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுக்கு எழுதினாள், தூதரகத்துக்கு எழுதினாள், மனித உரிமைக்காரர்களுக்கு எழுதினாள். விவரங்கள் பெறப்பட்டன என்று பதில் வந்தது. அவன் எண்ணுக்கு அழைத்தால் சேவையில் இல்லை என்று ஒரு பெண் ஆங்கிலத்திலும் மலாயிலும் சொன்னாள்.

எல்ஸி இப்போது ஈப்போவில் ஒரு டியூஷன் நிலையத்தில் பகுதி நேரம் வேலை செய்கிறாள். பரீட்சைக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் முறையை நடத்துகிறாள். பிள்ளைகள் போரைப் பற்றி ஏதாவது கேட்டால், "அது சிலபஸ்ல இல்ல" என்று சொல்லிவிடுகிறாள்.

மாரியம்மா சனிக்கிழமைகளில் வருகிறாள். இருவரும் பேசுவது குறைவு. ஒருநாள் வந்து உட்கார்ந்ததும், "எனக்குக் கொஞ்சம் இங்கிலிஷ் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"அங்க யாராச்சும் போன எடுத்தாங்கன்னா தமிழ்ல கேட்டாப் புரியாதுல்ல. எம்மவன் எங்கன்னு கேக்கணும்."

இந்த மொழியை இன்னொருவர் வாயில் வைக்கவே எல்ஸிக்கு மனம் வரவில்லை. மாரியம்மா காத்திருந்தாள். பால் வெட்டிக் காய்த்துப்போன கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முதல் நாள் பள்ளிக்கு வந்தவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வேர் இஸ் மை சன்" என்றாள் எல்ஸி.

மாரியம்மா திருப்பிச் சொன்னாள். ஒரு சொல் நழுவியது. மறுபடி சொன்னாள். சரியாக வரும்வரை விடவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டாள். சேவையில் இல்லை என்று சொல்லும் அந்தப் பெண்ணின் குரல் எல்ஸிக்கும் கேட்டது. மாரியம்மா அந்தக் குரலிடமே கேட்டாள். பதில் வராததால், தான் சொன்னதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எல்ஸியைத் திரும்பிப் பார்த்தாள்.